மாறா அறமும் பண்பாட்டுச் சார்பும்

நன்மை, தீமை என்பவை எல்லா மக்களுக்கும் எக்காலத்துக்கும் ஒன்றே என்பது மாறா அறக் கொள்கை. அவை அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தைப் பொறுத்தவை. ஒரு சமூகத்தின் அளவுகோலால் மற்றொன்றை அளக்கக் கூடாது என்பது பண்பாட்டுச் சார்புக் கொள்கை. இவ்விரண்டுக்கும் இடையிலான சிக்கலைத் திருத்தணியில் பிறந்த மாணவர் ஒருவர் 1908இல் எழுதிய ஆய்வேட்டின் வழியாக எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

மாணவர் எதிர்கொண்ட கேள்வி

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். திருப்பதியிலும் வேலூரிலும் கிறித்தவ சமயப் பணியாளர்கள் நடத்திய கல்வி நிலையங்களில் பயின்றபின், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் படித்தார். உலகம் மாயை என்றால் அதில் செய்யும் நன்மை தீமைகளும் மாயையே. ஆகவே வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்பது அக்காலத்தில் கிறித்தவ விமர்சகர்கள் முன்வைத்த வாதம்.

இதற்கு இரண்டு எளிய விடைகள் இருந்தன. விமர்சனத்தை அப்படியே ஏற்றுக்கொள்வது ஒன்று. எங்கள் நெறி எங்களுக்கு, அதை அளக்க நீங்கள் யார் என்று ஒதுக்கிவிடுவது மற்றொன்று. ராதாகிருஷ்ணன் இரண்டையும் ஏற்கவில்லை. வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றி எழுதிய முதுகலை ஆய்வேட்டில், அந்தத் தத்துவத்தில் அறத்துக்கு இடமுண்டு என்று காரணம் காட்டி வாதிட்டார். ஆய்வேடு தம் ஆசிரியர் ஏ. ஜி. ஹாக்கின் மனத்தைப் புண்படுத்துமோ என்று அஞ்சினார். சமயப் பணியாளரான ஹாக் அதைப் பாராட்டினார்.

கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் பொதுவான அறிவுக்கு முன் விடை சொன்னதால், இது பண்பாட்டுச் சார்புக் கொள்கை ஆகாது. ஒரு பண்பாட்டின் அளவுகோலே உலகுக்கெல்லாம் அளவுகோல் என்பதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அம்பேத்கரின் மறுப்பு

வெளியார் விமர்சனத்துக்கு விடை சொல்வது பாதி வேலைதான். 1927இல் வெளிவந்த இந்து வாழ்க்கை நோக்கு பற்றிய நூலில், இந்து நாகரிகம் நெடுங்காலம் நிலைத்திருப்பதை ராதாகிருஷ்ணன் சிறப்பாக எடுத்துரைத்தார். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இதை மறுத்தார். பிழைத்திருப்பது மட்டுமே தகுதிக்குச் சான்றாகாது. எத்தகைய வாழ்வு வாழ்கிறோம் என்பதே கேள்வி என்றார். வழக்கத்தின் பழமை, அதனால் துன்புறுபவருக்கு விடையாகாது என்பது இதன் பொருள்.

வழக்கமும் அறமும்

எல்லா வழக்கத்தையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டியதில்லை. தாய்மாமனை மணப்பது தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் பலவற்றில் இயல்பு. வட இந்தியர் பலருக்கு வியப்பு. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், வழக்கம் உள்ள இடங்களில் இத்தகைய மணங்களை ஏற்கிறது. ஆனால் கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் தடைசெய்தது. சமயம், மரபு என்ற பெயரில் எழுந்த எதிர்ப்புக்கு இடையே அதற்காக நெடுங்காலம் போராடியவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி.

இரண்டும் வழக்கங்களே. வயதுவந்த இருவர் மனமொப்பிச் செய்யும் மணம் ஒன்று. மறுக்க இயலாத வயதில் ஒரு சிறுமியின் வாழ்வைப் பிறர் முடிவுசெய்வது மற்றொன்று. ஆகவே ஒரு வழக்கத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும்முன் மாணவர் மூன்று கேள்விகளை எழுப்பலாம்: இதனால் துன்புறுபவர் யார்? அவர் மறுக்க முடியுமா? அவருடைய குரலைக் கேட்டோமா?

உணவு, உடை, மணமுறை ஆகியவற்றில் வேற்றுமையை மதிக்கப் பண்பாட்டுச் சார்புக் கொள்கை கற்பிக்கிறது. கொடுமையை வழக்கம் என்று சொல்லி மறைக்க முடியாது என்பதை மாறா அறக் கொள்கை நினைவூட்டுகிறது. பிறர் வீட்டு வழக்கத்தைக் கேட்கும் அதே கேள்வியைத் தன் வீட்டு வழக்கத்தையும் கேட்பவருக்கே இவ்விரண்டும் பயன்படும்.