'16 ஜிபி ராம்' என்று மட்டும் பில் வாங்காதீர்கள்

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கொடுப்பவர்கள் பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் பற்றித் துருவித் துருவிக் கேட்பார்கள். ராம் என்று வந்ததும் "16 ஜிபி போடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கொட்டேஷனிலும் அவ்வளவுதான் இருக்கும். பிறகு மலிவான சரக்கைக் கடைக்காரர் மாட்டிக் கொடுத்தாலும் கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்காது.

டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு ராம் வகைகளுக்கும் 288 பின்கள்தான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது ஏறாது; மதர்போர்டு எதைக் கேட்கிறதோ அதுதான். சர்வரில் இருந்து கழற்றிய ஆர்டிம் வகை ராம் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். வீட்டு டெஸ்க்டாப் போர்டுகளில் அது வேலை செய்யாது.

குழப்பமெல்லாம் வேகத்தில்தான். பெட்டியில் 3200 என்று போட்டிருக்கும். சிபியு-இசட் மென்பொருளில் பார்த்தால் 1600 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும். பயப்பட வேண்டாம். டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்புகிறது, கணக்கு சரிதான். பிசி4-25600 என்று ஒட்டியிருப்பதும் அதே ஸ்டிக்தான்: 3200ஐ 8ஆல் பெருக்கிய எண் அது.

6000 என்று அச்சிட்ட டிடிஆர்5 ராமை மாட்டினாலோ, பெரும்பாலும் 4800 அல்லது 5600 வேகத்தில்தான் ஓடும். பயாஸில் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற வேக அமைப்பை இயக்க வேண்டும். அப்போதும் பிராசசரும் போர்டும் ஒத்துழைத்தால்தான் 6000 கிடைக்கும். ஏனென்றால் அது ஓவர்கிளாக் வேகம். இதைப் பெட்டியில் தெளிவாகச் சொல்லவில்லை என்று அமெரிக்காவில் கோர்சேர் நிறுவனத்தின் மீது வாடிக்கையாளர்கள் கூட்டு வழக்கே போட்டார்கள். தவறை ஒப்புக்கொள்ளாமலே 55 லட்சம் டாலர் தருவதாக நிறுவனம் 2025இல் சமரசத்துக்கு வந்தது.

ராமின் தாமதத்தைக் குறிக்கும் சிஎல் எண்ணையும் பாருங்கள். அதை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோவிநாடியில் வரும். 3200 சிஎல்16க்கு 10. 6000 சிஎல்36க்கு 12. பெரிய எண்ணுக்குக் கூடுதல் காசு கொடுக்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகள் மேல். ஒற்றை ஸ்டிக் போட்டால் தரவுப் பாதையில் பாதி சும்மா கிடக்கும்.

பில்லில் பிராண்ட், மாடல் எண், டிடிஆர் வகை, வேகம், சிஎல், எத்தனை ஸ்டிக், சீரியல் எண் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். 'ஜிஎஸ்டி இல்லாமல் போட்டுத் தருகிறேன்' என்பவரிடம் மிச்சமாகும் காசு, வாரண்டி கேட்கும் நாளில் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் சிபியு-இசட்டில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளை ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம் வேண்டாம்.

பழையதைப் புதியதென்று விற்பதும், பில் தர மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் இந்த உரிமை போய்விடாது.

முதலில் கடைக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். சோதனை முடிவின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ராம் சென்னையில் வாங்கியதாக இருந்தாலும் வழக்கை நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.