போதகர் கேட்போராய் அமர்தல்

ஞாயிறுதோறும் பேசுவதற்கென்றே எழுந்து நிற்பவர்கள் நாம். திருமணம், அடக்க ஆராதனை, வீட்டு ஜெபக்கூட்டம், வேதபாட வகுப்பு ஆகிய எங்கும் நம் குரலே ஒலிக்கிறது. சபையாரின் இருக்கையில் அமர்ந்து ஒரு மணி நேரம் பிறர் பேசக் கேட்கும் வாய்ப்பு நம்முள் எத்தனை பேருக்குக் கிட்டுகிறது? கேட்பதற்கு முதலிடமும் பேசுவதற்கு அடுத்த இடமும் தருகிற யாக்கோபின் அறிவுரை (1:19) போதகருக்கும் உரியதே. பேச்சுப் பயிற்சிக் கழகக் கூட்டங்களுக்குக் கேட்போராகச் செல்வது இக்குறையை ஓரளவு நீக்கும் என்பது நம் கருத்து.

இக்கழகங்களின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று. டோஸ்ட்மாஸ்டர்ஸ் எனப்படும் இயக்கம் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் பிறந்தது. அச்சங்கத்தில் பணியாற்றிய ரால்ஃப் ஸ்மெட்லி, இளைஞர்கள் கூட்டத்தில் பேசவும் கூட்டத்தை நடத்தவும் பயிற்சியின்றி இருப்பதைக் கண்டு, 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ப்ளூமிங்டன் நகரில் சிறு குழுவொன்றைத் தொடங்கினார். இன்றைய இயக்கத்தின் முதற்கழகம் 1924 அக்டோபர் 22 அன்று கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில், அச்சங்கக் கட்டடத்தின் நிலவறையில் கூடியது. இன்று சென்னை, கோவை முதலிய நகரங்களிலும் இத்தகைய கழகங்கள் உள்ளன. விருந்தினர் பேசியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கூட்டம் மூன்று பகுதிகளை உடையது: ஆயத்தம் செய்த உரைகள், அப்போதே தரப்படும் தலைப்பில் ஓரிரு நிமிடப் பேச்சுகள், பேசியவற்றின் மதிப்பீடு. இவற்றைக் கேட்டிருப்பதால் விளையும் பயன்கள் மூன்றினைக் கூறுவோம்.

முதலாவது, காலத்தைக் கேட்போரின் நிலையிலிருந்து அளக்கக் கற்கிறோம். ஐந்து முதல் ஏழு நிமிட உரையில், ஐந்தாம் நிமிடத்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு விளக்குக் காட்டப்படும். பேசுபவருக்கு நிமிடங்கள் பறக்கின்றன. கேட்பவருக்கோ அவை நகர மறுக்கின்றன. முடிவுரைக்கு வந்தவர் மீண்டும் ஒரு புதுக்கருத்தைத் தொடங்கினால் உள்ளம் எவ்வாறு சோர்ந்து விலகுகிறது என்பது இருக்கையில் அமர்ந்தவருக்கே விளங்கும். அருளுரையில் ‘இறுதியாக’ என்பதை மும்முறை கேட்கும் சபையாரின் பொறுமையை அப்போது உணர்வோம்.

இரண்டாவது, வெற்றுச்சொற்களை இனங்காணச் செவி பழகுகிறது. பொருளின்றி இடையில் நுழையும் சொற்களையும் ஒலிகளையும் எண்ணிச் சொல்வதற்கென்றே கூட்டத்தில் ஒருவர் நியமிக்கப்படுகிறார். பிறர் பேச்சில் ‘வந்து’, ‘அதாவது’ என்பவற்றை எண்ணிப் பழகிய செவி, நம் பிரசங்கத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் வரும் ‘பிரியமானவர்களே’ என்னும் விளியையும் எண்ணத் தொடங்கும். அன்பின் விளி மூச்சுவிடும் இடமாகச் சுருங்கிவிடலாகாது.

மூன்றாவது பயனே தலையாயது. மதிப்பிடுபவர் இரண்டு மூன்று நிமிடங்களில், உரையின் நலன்களை எடுத்துக்கூறி, திருந்தவேண்டிய ஓரிரு இடங்களைச் சுட்டி, ஊக்கமளித்து அமர்கிறார். பேசியவரின் குணத்தை அவர் ஆராய்வதில்லை. தாம் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே கூறுகிறார். நம் சபைகளிலோ ஆலய வாசலில் கைகுலுக்கும் அனைவரும், ‘நல்ல செய்தி, ஐயா’ என்றே சொல்லிச் செல்கின்றனர். மரியாதையின் பொருட்டு அவர்கள் காக்கும் மௌனத்தை நாம் ஒப்புதல் என்று கொண்டால், ஆண்டுகள் பல சென்றாலும் அருளுரை வளராது. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் புண்படாமல் உண்மை பேசப்படக்கூடும் என்பதை நேரில் காண்பது பெரும்பயனாகும்.

கழக உரையும் அருளுரையும் ஒன்றல்ல. ஒன்றின் நோக்கம் பேச்சுத்திறன். மற்றதன் ஊற்று திருவசனம். கைதட்டலைத் தேடும் நாட்டம் பிரசங்க பீடத்துக்கு ஆகாது. மேலும், கேட்பதனால் மட்டும் நாவன்மை வந்துவிடாது. அதற்குப் பேசியே பழகவேண்டும். எனினும், கேட்போரை அறிவதற்குக் கேட்போராவதினும் நேரிய வழி இல்லை.

இறையியல் மாணவர் இருவர் மூவராகச் சில கூட்டங்களுக்குச் சென்றுவரலாம். ஒவ்வோர் உரையும் முடிந்தவுடன் அதன் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுக. மனம் எவ்விடத்தில் விலகிற்று என்பதைக் குறிக்க. மறுநாள் நினைவில் நின்றது எது என்பதையும் பதிக்க. ஆயர்களோ, திரும்பியபின் சபையில் நம்பத்தக்க இருவரை, முதியவர் ஒருவரும் இளையவர் ஒருவருமாகத் தெரிந்துகொண்டு, இதே மூன்று கேள்விகளைத் தம் அருளுரையைக் குறித்துக் கேட்பார்களாக. அவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்லும் விடை அடுத்த ஞாயிற்றின் ஆயத்தத்திற்கு உதவும்.