முழங்கையும் உழைப்பும்

கையை மடக்கவும் நீட்டவும் உதவும் முழங்கை, மூன்று எலும்புகள் கூடும் இடமாகும். மேற்கை எலும்போடு அல்னா எலும்பு இணைந்து கதவின் கீல்போல இயங்குகிறது. ஆர எலும்போ அல்னாவின்மேல் உருண்டு உள்ளங்கையைத் திருப்புகிறது. மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை மின்னலெனப் பாய்வது எலும்பின் வலியன்று. உட்புறத்தில் தோலை ஒட்டி ஓடும் அல்னா நரம்பின் அதிர்வே அது.

மூட்டின் வெளிப்புறத்தில் சிறு புடைப்பு ஒன்று உண்டு. மணிக்கட்டைப் பின்னோக்கி நிமிர்த்தும் தசைகளின் நாண்கள் அங்குதான் பற்றியுள்ளன. ஒரு பொருளை இறுகப் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டு மடங்கிவிடாமல் காப்பவை இத்தசைகளே. மணிக்கட்டுக்காக உழைக்கும் தசைகளின் வலி முழங்கையில் தெரிவது இதனாலேயே. ஓயாத இழுப்பால் தசைநாணின் இழைகள் நைந்து, நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. அங்குக் குருதியோட்டம் குறைவாதலால் அவை ஆற நாளாகும். இதனை ‘டென்னிஸ் முழங்கை’ என்பர். பொருந்தாப் பெயர் என்றே சொல்லவேண்டும். இதனால் வருந்துவோருள் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டவரே அல்லர். சாந்து பூசும் கொத்தனார், திருப்புளி முடுக்கும் தச்சர், ஈரத்துணி பிழிவோர் என எவரையும் இது விடுவதில்லை.

கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கர் 2004இல் இவ்வலியால் பல ஆட்டங்களை இழந்தார். அடுத்த ஆண்டு இலண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பலருக்கு அது தேவைப்படுவதில்லை. பளுவைக் குறைத்து, முன்கைத் தசைகளுக்குப் படிப்படியாகப் பயிற்சி அளித்தால் சில மாதங்களில் வலி தணியும். ஆனால் நாட்கூலி பெறுவோருக்கு ஓய்வு என்பது ஊதிய இழப்பு. அவர்கள் வலியோடே கரண்டியைப் பிடிக்கின்றனர். அதன் கைப்பிடியில் துணி சுற்றிச் சற்றுப் பருமனாக்கினாலே பிடியின் இறுக்கம் குறையும்.