வழிப்போக்கரும் வாடிக்கையாளரே

கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டிதான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பாரசீகச் சொல்லுக்கு மூலப்பொருள், பாலைவழியில் சரக்கோடு கூடிச் செல்லும் வணிகர் கூட்டம் என்பதே. நம் முன்னோர் அதனைச் 'சாத்து' என்றனர். கோவலனின் தந்தை மாசாத்துவானின் பெயரில் இருப்பதும் அச்சொல்தான்.

இன்று ஆஸ்திரேலியாவில் கேரவன் என்றால், காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு. படுக்கை, அடுப்பு, சிறிய ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதனுள் அடக்கம். பணி ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் இதில் மாதக்கணக்கில் ஊர் ஊராகச் செல்கின்றனர். 'நரைமுடி நாடோடிகள்' என்று அந்நாட்டார் இவர்களைச் செல்லமாக அழைப்பர். இவர்கள் கடந்து செல்லும் வறள்நிலச் சிற்றூர்களில் கடை வைத்திருப்போர் எப்படித் தொழில் நடத்துகின்றனர் என்பதை நம் வணிகப் பெருமக்கள் அறிந்துகொள்வது பயன் தரும்.

தொலைவே முதல் எதிரி

தெற்கே போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே டார்வின் வரை செல்லும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையின் நீளம் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். அது முழுவதும் தார்ச்சாலை ஆனதே 1987இல்தான். இவ்வழியில் கிளெண்டாம்போ என்னும் சிற்றூரை விட்டால், கூபர் பெடி வரை சுமார் 250 கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது.

தார்ச்சாலைக்கும் லாரிக்கும் முன்னர் இப்பகுதியின் மாவு, தேயிலை, சர்க்கரை எல்லாம் ஒட்டக முதுகில்தான் வந்தன. 1860களிலிருந்து ஆப்கானிஸ்தான், பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அந்த ஒட்டகங்களை ஓட்டினர். போகும்போது மளிகை, திரும்பும்போது கம்பளி என்று இருவழியும் சுமை ஏற்றினர். நம் நாட்டிலிருந்து சென்ற தலைச்சுமை வியாபாரிகளும் வண்டி வியாபாரிகளும் பண்ணை பண்ணையாகத் துணிமணியும் சில்லறைச் சாமான்களும் விற்றனர். ஆக, அந்த வறள்நிலத்தில் வணிகத்துக்கு வழி அமைத்தவர்களில் நம்மவர்க்கும் பங்குண்டு.

இன்று சரக்கு லாரியில் வருகிறது. லாரி வாடகை விலையில் ஏறுகிறது. காய்கறி வழியிலேயே வாடுகிறது. 2022 ஜனவரியில் பெருமழையால் இந்நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டபோது, கூபர் பெடிக்கு விமானப்படை விமானத்தில் உணவுப்பொருள் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. இத்தகைய இடத்தில் கடை நடத்துபவர் குறைவாக வைத்தால் ஊர் பட்டினி. அதிகமாக வைத்தால் முதல் முடங்கும்.

இரு பெரும் போட்டியாளர்கள்

அந்நாட்டுப் பேரங்காடி மளிகை விற்பனையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உல்வொர்த்ஸ், கோல்ஸ் என்னும் இரு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. கேரவன்காரர் பெருநகரிலேயே அரிசி முதல் சோப்பு வரை வாங்கி அடுக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டால், வழியிலுள்ள பத்து ஊர்களுக்கும் அவர் எழுப்பும் புழுதிதான் மிச்சம். உள்ளூர்க்காரரும் மாதம் ஒருமுறை பெருநகருக்குப் போய் வாங்கி வரத் தொடங்கினால் கடை மூடப்படும். பல சிற்றூர்களில் மளிகைக் கடையே தபால் நிலையமாகவும் இருப்பதால், கடையோடு அதுவும் போகும்.

இதைச் சமாளிக்கச் சுயேச்சை மளிகைக்காரர்கள் கண்ட வழிகளில் ஒன்று கூட்டுக் கொள்முதல். 1988இல் அங்கு தொடங்கிய ஐ.ஜி.ஏ. என்னும் அமைப்பில் பெயர்ப் பலகை பொது. மொத்தக் கொள்முதல் பொது. கடை மட்டும் அவரவர்க்குச் சொந்தம். விலையில் முழுமையாக ஈடுகொடுக்க முடியாவிட்டாலும், தனியாக வாங்குவதைவிட இது மேல்.

நிற்க இடம், குடிக்க நீர்

விலையில் தோற்பவர் வசதியில் வெல்லலாம். காரும் கேரவனும் சேர்ந்தால் பேருந்து அளவு நீளம். அதைத் திருப்ப இடமில்லாத தெருவில் எவரும் நிற்கமாட்டார். ஆகவே கடைத்தெருவை ஒட்டி நீண்ட வண்டிகளுக்கு இடம், குடிநீர்க் குழாய், வண்டியின் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஓரிடம், குறைந்த செலவில் ஓரிரு இரவு தங்க அனுமதி ஆகியவற்றைச் செய்து கொடுக்கும் ஊர்களுக்கு, கேரவன், மோட்டார் வீட்டு உரிமையாளர்களின் சங்கம் 'நட்பு ஊர்' என்ற தகுதி அளிக்கிறது. ஊர் எல்லையில் அதற்கான பலகை நிற்கும்.

இவற்றை எந்தத் தனிக் கடைக்காரரும் செய்துவிட முடியாது. ஊராட்சியும் வணிகர்களும் சேர்ந்தால்தான் முடியும். நின்ற வண்டிக்காரர் ரொட்டி வாங்குவார். கேஸ் சிலிண்டர் மாற்றுவார். இறைச்சிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் போவார். ஒரு குழாய்த் தண்ணீர் பல கல்லாவை நிரப்பும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கேரவன்கள் தங்குவதற்கென்றே முதல் போட்டுத் தங்குமிடம் நடத்துபவர், "இலவசமாகத் தங்கவிட்டால் என் பிழைப்பு என்ன ஆவது?" என்று கேட்கிறார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் பல ஊர்களில், கழிப்பறையும் தண்ணீரும் உள்ள வண்டிகளுக்கு மட்டும், 24 அல்லது 48 மணி நேரம் மட்டும் என்று வரம்பு வைக்கின்றனர். மின்சாரமும் குளியலறையும் துணி துவைக்கும் வசதியும் வேண்டுவோர் கட்டணத் தங்குமிடத்துக்குப் போகின்றனர். ஒரு வணிகரின் லாபம் மற்றொரு வணிகரின் நட்டத்தில் முடியாதபடி பேசித் தீர்ப்பதும் சங்கத்தின் வேலைதானே!

வாடிக்கையாளரின் வழியை அறிதல்

கேரவனின் ஃபிரிட்ஜ் சிறியது. எனவே மூட்டை விற்பனை அங்கே எடுபடாது. சிறு பொட்டலமே ஓடும். மே முதல் செப்டம்பர் வரை வடபகுதியில் வெயில் தணிந்திருப்பதால் அப்போதுதான் வண்டிகள் வரும். பின்னர் கோடையும் மழையும். அந்த ஐந்து மாத வரவில்தான் மீதி மாதங்களையும் ஓட்ட வேண்டும்.

மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்துக்குள் பூச்சியும் நோயும் புகாமலிருக்க, எல்லைச் சோதனைச் சாவடியில் பழம், காய்கறி, தேன் பெரும்பாலானவற்றை வாங்கி வைத்துவிடுவர். எல்லையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் உள்ள ஊர் குனனுரா. வடபகுதியிலிருந்து அங்கு வந்து சேரும் வண்டிகளின் காய்கறிக் கூடை காலியாகவே இருக்கும். கடைக்காரர் அதற்கேற்பச் சரக்கு வைக்கலாம். எல்லைக்கு இப்பாலுள்ள கடைக்காரரோ, "அரைக் கிலோ போதும் ஐயா, அங்கே பறித்துக்கொள்வார்கள்" என்று சொல்லலாம். அன்று அரைக் கிலோ குறைந்தாலும், திரும்பும் வழியில் அந்த வண்டி அவர் கடையில்தான் நிற்கும்.

விக்டோரியா மாநிலத்தின் கோதுமைப் பகுதியில் பிரிம் என்னும் சிற்றூர். வழிப்போக்கர் நிற்பதற்கு அங்கு காரணமே இல்லாதிருந்தது. பயனற்று நின்ற 1939ஆம் ஆண்டுச் சிமெண்டுத் தானியக் குதிர்கள்மீது, கைடோ வான் ஹெல்டன் என்ற ஓவியர் நான்கு விவசாயிகளின் உருவங்களை வானுயர வரைந்து 2016 ஜனவரியில் முடித்தார். பார்க்க வண்டிகள் வந்தன. பக்கத்து ஊர்களும் தத்தம் குதிர்களில் ஓவியம் தீட்டின. இன்று அது 200 கிலோமீட்டர் ஓவியப் பாதை. ஊர்கள் ஒன்றையொன்று போட்டியாக நினைக்காமல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆளை அனுப்பி வைக்கின்றன.

புறவழிச்சாலை வந்தபின் விற்பனை குறைந்த கடைக்காரர் நம்மிலும் உண்டு. சாலையைக் குறை சொல்லிப் பயனில்லை. வண்டி நிற்க நம் கடைத்தெருவில் இடம் இருக்கிறதா? தாகத்துக்குத் தண்ணீர், பெண்கள் ஒதுங்கக் கழிப்பறை இருக்கிறதா? அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுவோம்.