கூழ்ப் பானையில் தொடங்கி கர்ப்பிணியின் மாத்திரை வரை!

வீரசோழன், திருச்சுழி பக்கத்துக் கரிசல் காட்டில் வெயில் காலத்துக்குக் கம்பங்கூழ்தான் துணை. ராத்திரி கரைத்து வைத்த மாவு காலையில் புளித்திருக்கும். அதைப் புளிக்க வைப்பவை பாக்டீரியாக்கள். ஒன்று இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும், பாக்டீரியா தன் டிஎன்ஏவை முழுசாகப் பிரதி எடுத்தாக வேண்டும். அதற்கு வைட்டமினும் தேவை. ஆக்சிஜன் இருக்கிறதா, இல்லையா என்பதும் முக்கியம்.

ஆக்சிஜன் செய்யும் வேலை

ஆர்என்ஏவின் துண்டிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவை நீக்கினால் டிஎன்ஏவுக்கான துண்டு கிடைக்கும். இதைச் செய்வது ஒரு நொதி. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவிடம் இந்த நொதி இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று ஆக்சிஜன் இருந்தால்தான் இயங்கும். இன்னொன்று இல்லாதபோதுதான் இயங்கும். லாக்டோபேசில்லஸ் வகை ஒன்று, வைட்டமின் பி12 துணையோடு இரண்டு நிலையிலும் சமாளிக்கிறது.

கீரையில் கிடைத்த வைட்டமின்

டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினை உருவாக்க ஃபோலிக் அமிலம் வேண்டும். 1941-ல் அமெரிக்காவின் டெக்சாஸில், சுமார் 4 டன் பசலைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தார்கள். எதில் அது இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது, அது இல்லாமல் வளராத ஒரு பாக்டீரியா!

அதற்கு முன்பே பம்பாயில், ரத்தசோகையால் வாடிய கர்ப்பிணிகளுக்கு ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணமாக்கினார் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1931-ல் அதை வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்தது ஃபோலிக் அமிலம்தான் என்பது பிறகு தெரிந்தது. அதை 1945-ல் செயற்கையாகத் தயாரித்த குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகடா சுப்பாராவ்.

மருந்தான வித்தியாசம்

பல பாக்டீரியாக்கள் ஃபோலிக் அமிலத்தைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும். நம்மால் முடியாது, சாப்பாட்டில்தான் கிடைக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்துபவைதான் சல்ஃபா மருந்துகள். கிருமியின் தயாரிப்பைத் தடுத்து, நம்மை விட்டுவிடும். தைமின் கிடைக்காத பாக்டீரியா வளர முடியாமல் செத்தே போகும்.

நமக்கு ஏன் முக்கியம்?

நம் செல்களுக்கும் இதே விதிதான். ஃபோலிக் அமிலம் குறைந்தால் ரத்த அணுக்கள் சரியாகப் பிரியாது, சோகை வரும். கருவின் மூளை, முதுகுத்தண்டாக மாறும் குழாய் முதல் 28 நாளிலேயே மூடிவிடும். பலருக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே! அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் வேண்டும் என்கிறது மருத்துவ உலகம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் அது இருக்கிறது. வாங்கிய மாத்திரையை அலமாரியில் வைத்துவிடாதீர்கள், தவறாமல் சாப்பிடுங்கள்.