சட்டை முதுகில் ஜெயப்பிரகாஷ்

2020 டிசம்பர் 8, சிட்னி. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டி20 தொடரின் நாயகன் விருது ஹர்திக் பாண்ட்யாவுக்கு. வாங்கிய கோப்பையை அவர் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் கையில் கொடுத்தார். மூன்று ஆட்டங்களில் ஆறு விக்கெட் எடுத்தவருக்குத்தான் அது சேர வேண்டும் என்பது பாண்ட்யாவின் தீர்ப்பு.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில், நெசவுக் கூலித் தொழிலாளியின் ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் நடராஜன். அம்மாவுக்கு ரோட்டோரம் சிக்கன் கடை. இருபது வயதுவரை டென்னிஸ் பந்துதான். அந்தக் கையிலிருந்த யார்க்கரைக் கண்டுகொண்டு சென்னைக்கு வழிகாட்டியவர் உள்ளூர் அண்ணன் ஜெயப்பிரகாஷ். அதனால்தான் ஐ.பி.எல். சட்டையின் முதுகில் 'ஜேபி நட்டு' என்று போட்டுக்கொண்டார்.

2015-ல் முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே பந்துவீச்சு முறை மீது புகார். மூட்டை கட்டி ஊருக்குத் திரும்பத் தோன்றும் நேரம் அது. சுனில் சுப்ரமணியம் போன்ற பயிற்சியாளர்கள் கூட நின்று வீச்சைத் திருத்திக் கொடுத்தார்கள். 2017-ல் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் பந்து போடப் போனவர், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

நடராஜனுக்குக் கிடைத்த துணை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அமெரிக்காவில் கறுப்பின இளைஞர்களின் திறமைக்கு முன்னால் அவர்களைப் பற்றிய சந்தேகம் போய் நிற்கும். 2014-ல் ஒபாமா தொடங்கிய 'மை பிரதர்ஸ் கீப்பர்' திட்டம், அவர்களுக்கு வழிகாட்டிகளைச் சேர்த்துவிடுவதை முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது. சாதியும் வறுமையும் வழிமறிக்கும் நம் பையன்களுக்கும் தேவை அதேதான்.

புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரையே பாருங்கள். அங்கே ஈஸ்டரை ஒட்டி ஜல்லிக்கட்டு நடக்கும். மாடு பிடித்தவன் பெயர் மைக்கில் முழங்கும். பரிசும் கைக்கு வந்துவிடும். ஆவூர் இருக்கும் விராலிமலை வட்டாரத்தில் வீரத்துக்குக் கைதட்டப் பஞ்சமில்லை. மறுநாள் காலை, 'அடுத்து என்னப்பா படிக்கப்போற?' என்று கேட்க எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நடராஜன் தன் ஊரில் மைதானம் கட்டி 2023-ல் திறந்தார். அதற்குப் பணம் வேண்டும். ஜெயப்பிரகாஷ் செய்ததற்குக் கண்ணும் பொறுமையும் போதும். போலீஸ், பட்டாளம், பாலிடெக்னிக், பேங்க் என்று வேலைக்குப் போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆளுக்கு ஒரு தம்பியைப் பொறுப்பெடுத்து, விண்ணப்பம் போடுவதிலிருந்து முதல் தோல்வியைத் தாண்டும்வரை கூட நிற்கட்டும். பாராட்டு விழாவை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.