பொன்னின் கடைசி எலக்ட்ரான்

கோலார் தங்கவயலின் வழியே செல்வோர், வெளிறிய சாம்பல் நிறக் குன்றுகளைக் காண்பர். இவை இயற்கைக் குன்றுகள் அல்ல. தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட பாறைத் தூளே இவ்வாறு குவிந்துள்ளது. அதன் அளவு 3 கோடி டன்னுக்கும் மேற்பட்டது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பணியைத் தொடங்கியது முதல், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது வரை, இங்குச் சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. அதன்பொருட்டு வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கி உழைத்தனர்.

இரும்பு துருவாகவே பூமியில் கிடைக்க, தங்கம் மட்டும் தங்கமாகவே பாறையில் இருப்பது ஏன்? இதற்கு விடை அதன் அணுவின் அமைப்பில் உள்ளது.

எலக்ட்ரான்கள் கோள்களைப்போல் வட்டமிடுவதாக வரையும் படம் கரும்பலகைக்கு வசதியானதே ஒழிய, உண்மைக்குப் பொருந்தாது. எலக்ட்ரான் காணப்படக்கூடிய வெளியையே ஆர்பிட்டல் என்கிறோம். ஓர் ஆர்பிட்டலில் இரண்டு எலக்ட்ரான்களுக்கு மேல் இடமில்லை. எஸ் வகையில் 1, பி வகையில் 3, டி வகையில் 5, எஃப் வகையில் 7 என ஆர்பிட்டல்கள் அமைகின்றன. தங்கத்தின் 79 எலக்ட்ரான்களும் கூடுவாரியாக 2, 8, 18, 32, 18, 1 என்று நிற்கின்றன. பொது விதிப்படி 5டியில் 9, 6எஸ்ஸில் 2 இருத்தல் வேண்டும்; ஆனால் 5டி முற்றும் நிரம்பி, 6எஸ்ஸில் ஒன்றே எஞ்சுகிறது.

செம்பிலும் வெள்ளியிலும்கூடக் கடைசி எலக்ட்ரான் ஒன்றுதான். எனினும் செம்பு களிம்பேறுகிறது, வெள்ளி கறுக்கிறது. தங்கத்தில் 79 புரோட்டான்களின் ஈர்ப்பால் உள் எலக்ட்ரான்கள், ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 58 விழுக்காடு வேகம் பெறுகின்றன. சார்பியல் கொள்கைப்படி அவற்றின் நிறை மிகுகிறது. எஸ் ஆர்பிட்டல்கள் சுருங்குகின்றன. இடையிலுள்ள 4எஃப்பின் 14 எலக்ட்ரான்களும் உட்கருவின் ஈர்ப்பைச் சரிவர மறைப்பதில்லை. ஆகவே கடைசி எலக்ட்ரான் இறுகப் பிடிக்கப்படுகிறது. அதை அகற்றச் செம்புக்கு 7.7, வெள்ளிக்கு 7.6 எலக்ட்ரான் வோல்ட்டு போதும், தங்கத்துக்கோ 9.2 வேண்டும்.

பொன்னிறத்துக்கும் இதுவே காரணம். 6எஸ் தாழ்ந்து 5டி உயர்வதால் இடைவெளி குறுகி, நீல ஒளி உறிஞ்சப்படுகிறது, எஞ்சுவது மஞ்சள். வெள்ளியிலோ புறஊதா ஒளியே உறிஞ்சப்படுவதால் அது வெண்மையாகத் தோன்றுகிறது.

இவ்வளவு பிடிவாதமான எலக்ட்ரானைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தனித்து நின்று கவர இயலாது. சயனைடு கரைசல் உடனிருந்தால் நிலை மாறுகிறது. ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பெற, தங்க அயனியின் இருபுறமும் சயனைடு அயனிகள் பற்றிக்கொள்ள, உலோகம் கரைகிறது. பின்னர்த் துத்தநாகத் தூள் எலக்ட்ரானைத் திருப்பியளிக்க, தங்கம் மீண்டும் படிகிறது. பாதரசத்தில் அகப்படாத நுண்துகள்களை ஆலைகள் இம்முறையில் மீட்டன.

கரைசலுக்கும் தப்பிய தங்கம், டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக, அம்மேடுகளில் இன்னும் உள்ளது. அதை மீட்கும் திட்டங்கள் நெடுநாளாகப் பேசப்பட்டு வருகின்றன. அதுவரை, காற்று மிகும் மாதங்களில் அத்தூள் தொழிலாளர் குடியிருப்புகளின் கூரைமீதும் தண்ணீர்க் குடங்களிலும் படிந்துகொண்டிருக்கிறது.